வெட்ட வானம் பார்த்து உட்காருதல்: கண்ணுக்குள் நடப்பதும் மனசுக்குள் நடப்பதும்

தியானம் என்றதும் நமக்கு ஞாபகம் வர்ற படம் ஒன்றுதான். சம்மணம் போட்ட உடம்பு, மூடிய கண், மூக்கு நுனியிலோ புருவ மத்தியிலோ கவனம். ஆனா கண்ணை நல்லாத் திறந்து வச்சுக்கிட்டு, எதையும் குறிவைக்காம, காலியான வானத்தைப் பார்த்தபடி உட்காருகிற முறையும் இருக்கு. யாரோ நேத்து கண்டுபிடிச்சது இல்லை, ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசு.

இதைப் பத்தி நெட்டில் தேடினா ரெண்டு கோஷ்டி கிடைக்கும். ஒரு கோஷ்டி, "வானத்தில் ஒளிப்புள்ளி ஓடும், அதுதான் பிராணன், அது தெரிஞ்சா நீங்க முன்னேறிட்டீங்க" என்று சொல்லும். இன்னொரு கோஷ்டி, "எல்லாம் கண்ணு பண்ற வேலை, வேற ஒண்ணும் கிடையாது" என்று முடிச்சிடும். என் கணக்கில் ரெண்டுமே பாதி. கண்ணில் என்ன நடக்குதுன்னு தெரியாம உட்கார்ந்தா, ரத்த ஓட்டத்தை ஞானம்னு நம்பி வருஷக்கணக்கா அதையே துரத்திக்கிட்டு இருப்போம். சில சமயம் பார்வைக்கே ஆபத்து வரும். கண்ணில் நடப்பது மட்டும்தான் விஷயம்னு முடிவு கட்டினா, இந்தப் பயிற்சி எதுக்காக வந்துச்சோ அது கையை விட்டுப் போயிடும். அதனால ரெண்டையும் தனித்தனியா பிரிச்சுப் பார்க்கலாம்.

யார் செய்தார்கள்? மூன்று மரபுகள்

முதலில் திபெத். அங்கே நியிங்மா பௌத்தப் பிரிவிலும், பௌத்தத்துக்கு முந்தியது என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பொன் மரபிலும் (நம்ம ஊர் தங்கத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை) ஸோக்சென் என்ற உபதேசம் இருக்கு. 'மகா பூரணம்' என்று தமிழ்ப்படுத்தலாம். 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லோங்சென்பா (1308-1364) இதை விரிவா எழுதி வச்ச பெரிய ஆள். இந்த மரபில் வானம் பார்க்கும் பயிற்சிக்கு 'நம்கா ஆர்தே' என்று பெயர். நம்கா என்றால் வானம். கூர்க் போற வழியில் பைலகுப்பேயில் 'தங்கக் கோவில்' பார்த்திருப்பீங்க. 1963-ல் தொடங்கப்பட்ட அந்த நம்ட்ரோலிங் மடம் நியிங்மா பிரிவைச் சேர்ந்ததுதான். நம்மில் பலர் போட்டோ எடுத்துட்டு வந்த இடம் இந்த உபதேச பரம்பரையில் ஒரு கிளை.

அவங்க முறை எளிமையானது. நல்லா விரிஞ்ச காட்சி உள்ள உயரமான இடத்தில், சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்காரணும். கண் திறந்திருக்கணும். பார்வையை எங்கேயும் குத்தி நிறுத்தாம வானத்தில் விட்டுடணும். மூச்சு வெளியே போகும்போது மனசும் அதோட கரைஞ்சு போற மாதிரி விடணும். இதை மூன்று வானங்கள் கலக்கிற பயிற்சி என்று சொல்வாங்க. வெளி வானம் என்பது கண்ணுக்குத் தெரிவது. உள் வானம் என்பதை இதயத்திலிருந்து கண்ணுக்கு வரும் நாடியின் வெற்றிடம் என்று ஒரு விளக்கம் சொல்லும். மூணாவது மறைவான வானம், அதுதான் மனசின் இயல்பான அறிதல். அதுக்கு ரிக்பா என்று பெயர். முதல் வானம் மத்த ரெண்டுக்கும் கைகாட்டி மரம் மாதிரி.

இரண்டாவது காஷ்மீர சைவம். விஞ்ஞான பைரவம் என்ற நூலில் 112 தாரணைகள் வருது. அதில் ஒன்று, தெளிந்த வானத்தை உடம்பு அசையாம, பார்வை விலகாம பார்க்கச் சொல்லுது. ஆழமான கிணத்துக்குள்ள எட்டிப் பார்ப்பது, மரம் மலை எதுவுமில்லாத வெளியில் பார்வையை விடுவது என்று இதே குடும்பத்தில் இன்னும் சில தாரணைகள் இருக்கு. எல்லாத்துக்கும் பொதுவான யுக்தி ஒன்றுதான்: பிடிச்சுக்கிறதுக்கு எதுவும் கிடைக்காத இடத்துக்குப் பார்வையை அனுப்பு, மனசு என்ன பண்ணுதுன்னு பார்.

மூன்றாவது தேரவாத பௌத்தம். 5-ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கத்தில் ஆகாச கசிணம் என்ற ஒரு பயிற்சி உண்டு. இதில் முழு வானமும் கிடையாது. சுவரில் இருக்கும் ஓட்டை, சாவித்துவாரம், ஜன்னல் இடைவெளி, இப்படி ஓர் எல்லைக்குள் அடங்கின காலி இடத்தைப் பார்ப்பாங்க. பார்த்துப் பார்த்து அது மனசுக்குள் பதிஞ்ச பிறகு அதை விரிப்பாங்க. வானம் பார்க்க வழியில்லாத அபார்ட்மென்ட்வாசிகளுக்கு இது ஒரு நல்ல செய்தி!

தமிழில்? சித்தர் பாடல்களில் 'வெட்டவெளி' அடிக்கடி வரும் சொல். சிதம்பரம் பஞ்சபூதத் தலங்களில் ஆகாயத் தலம். சித் + அம்பரம், அதாவது அறிவு என்ற வெளி. திரையை விலக்கினா தங்க வில்வ மாலை தொங்குது, பின்னாடி உருவம் எதுவும் இல்லை. இதையெல்லாம் வச்சு "நம்ம சித்தர்களும் மொட்டை மாடியில் இதே பயிற்சிதான் செஞ்சாங்க"ன்னு நான் சொல்ல மாட்டேன். சித்தர்கள் சொல்லும் வெளி கண்ணுக்குத் தெரியும் நீல வானம் இல்லை. ஆனா அறிவையும் வெளியையும் ஒரே சொல்லில் சேர்த்த அந்தப் பெயரைப் பாருங்க. ஸோக்சென்காரர்கள் மூணாவது வானம்னு சொல்வதும் அதே இடத்தைத்தான் தொடுது.

கண்ணுக்குள் நடப்பது: நாலு விஷயம்

நீல வானத்தைப் பத்து நிமிஷம் பார்த்தா யாருக்கும் ஏதாவது ஒண்ணு தெரியும். பக்தி வேண்டாம், பயிற்சி வேண்டாம். அதில் முக்கியமான நாலை எடுத்துக்கலாம்.

ஒன்று, மிதக்கும் நூல்கள். புழு மாதிரி, சிலந்தி நூல் மாதிரி, கண்ணாடி மாதிரி ஏதோ மிதக்கும். கண்ணைத் திருப்பினா கூடவே வரும், நிறுத்தினா மெதுவா நழுவும். இது கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லியில் திரண்ட இழைகளின் நிழல். வயசாக ஆக கூடும், பெரும்பாலும் தொந்தரவு இல்லை.

இரண்டு, ஓடும் ஒளிப்புள்ளிகள். பிரகாசமான சின்னச் சின்னப் புள்ளிகள் வளைஞ்சு வளைஞ்சு சட்டென்று ஓடி மறையும். நூல் மாதிரி மிதக்காது, சுறுசுறுப்பா இருக்கும். "பிராணன்" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதைத்தான். நடப்பது இதுதான். விழித்திரைக்கு முன்னாடி மெல்லிய ரத்தத் தந்துகிகள் ஓடுது. அதில் நிறைஞ்சிருக்கும் சிவப்பணுக்கள் நீல ஒளியை உறிஞ்சிடும். வெள்ளணுக்கள் உறிஞ்சாது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சிவப்பணு 50 லட்சம் அளவுக்கு இருந்தா வெள்ளணு 4,000-லிருந்து 11,000 வரைதான். தந்துகியை விடப் பருமனான ஒரு வெள்ளணு நெருக்கி நுழைஞ்சு போகும்போது, அந்த இடத்தில் மட்டும் நீல ஒளி தடையில்லாம விழித்திரைக்குப் போகுது. அதுதான் நமக்கு ஓடும் புள்ளியாத் தெரியுது. ஜெர்மன் கண் மருத்துவர் ரிச்சர்ட் ஷீரர் 1924-ல் இதை மருத்துவ உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். விழித்திரை ரத்த ஓட்டத்தை அளக்கக்கூட பின்னாடி இதைப் பயன்படுத்தியிருக்காங்க.

மூன்று, நிறம் வெளுப்பது. பார்வையில் கோடு, ஓரம், மாற்றம் எதுவுமே இல்லைன்னா கொஞ்ச நேரத்தில் நீலம் மங்கி சாம்பலாகும். நம்ம பார்வை அமைப்பு மாற்றத்தை மட்டும்தான் செய்தியா எடுத்துக்கும், மாறாததைக் கழிச்சுவிட்டுடும். ஒரே புள்ளியை உத்துப் பார்த்தா ஓரத்தில் இருப்பவை மறையும் என்று சுவிஸ் மருத்துவர் டிராக்ஸ்லர் 1804-லேயே எழுதினார். பார்வை முழுக்க ஒரே சீரான ஒளியை நிரப்பினா என்ன ஆகும்னு ஜெர்மன் உளவியலாளர் வோல்ஃப்காங் மெட்ஸ்கர் 1930-ல் சோதிச்சுப் பார்த்தார். மூடுபனிக்குள் இருப்பது மாதிரி ஆகும், தூரம் கிட்டம் தெரியாது. "வானம் என்னைச் சூழ்ந்துடுச்சு, எல்லை கரைஞ்சிடுச்சு"ன்னு பலர் சொல்வதில் ஒரு பங்கு இதுதான்.

நாலு, ஃபோகஸ். மொபைல் கேமராவை வெள்ளைச் சுவர் பக்கம் காட்டினா ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தடுமாறும், பார்த்திருப்பீங்க. கண்ணுக்கும் அதே கதிதான். காலி வானத்தில் பிடிச்சுக்க எதுவும் இல்லாததால, ஃபோகஸ் வெகுதூரத்துக்குப் போகாம நமக்குக் கொஞ்சம் முன்னாடியே நின்னுடும். எவ்வளவு கிட்ட என்பது ஆளுக்கு ஆள் மாறும். விமானிகளுக்கு இதைத் தனியா சொல்லிக்கொடுப்பாங்க, ஏன்னா எதிரே வரும் விமானம் மங்கலாகி கண்ணில் படாமப் போகலாம். நாள் முழுக்க ஸ்க்ரீன் பார்க்கிற நம்ம ஆட்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கு. "வானத்தைப் பார்த்தா கண் தூரப்பார்வைக்குப் போய் ஓய்வெடுக்கும்" என்பது முழு உண்மை இல்லை. கண் ஓய்வுதான் நோக்கம்னா தூரத்து மரம், மலை, கோபுரம் எதையாவது பாருங்க.

அடையாறில் பார்த்த பிராணன்

இந்த ரெண்டாவது விஷயத்துக்கு நம்ம சென்னையோட ஒரு தொடர்பு இருக்கு. அடையாறு பிரம்மஞான சபையின் பெரிய புள்ளிகளில் ஒருத்தர் சி. டபிள்யூ. லெட்பீட்டர். 1927-ல் வெளிவந்த சக்கரங்களைப் பற்றிய தன் புத்தகத்தில் 'உயிராற்றல் உருண்டைகள்' காற்றில் கோடிக்கணக்கா பறக்குதுன்னு எழுதினார். எப்படிப் பார்ப்பது? வெயில் நாளில், சூரியனுக்கு முதுகு காட்டி, தெளிந்த வானத்தைப் பின்னணியா வச்சு, சில அடி தூரத்தில் பார்வையை நிறுத்தினா ஏறக்குறைய யாருக்கும் தெரியும் என்றார்.

மேலே சொன்ன ரெண்டாவது, நாலாவது விஷயங்களை இதோட பக்கத்தில் வச்சுப் படிங்க. தெளிந்த வானம், சூரியன் இல்லாத பக்கம், சில அடி தூரத்தில் ஃபோகஸ், யாருக்கு வேணும்னாலும் தெரியும். அவர் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பார்த்தது வெளியில் இருக்குன்னு எடுத்துக்கிட்டதுதான் சிக்கல். ஷீரர் எழுதி மூணே வருஷம்தான் ஆகியிருந்தது.

எது வெளியில், எது உள்ளே என்று கண்டுபிடிக்க லேப் வேண்டாம். மூணு சோதனை போதும். முதலாவது, பார்வையை வேற பக்கம் திருப்புங்க. புள்ளிகள் ஓடும் பாதையும் கூடவே திரும்பினா அது உங்க கண்ணுக்குள் இருக்கு. ரெண்டாவது, மாடிப்படி ரெண்டு முறை ஏறி இறங்கிட்டு வந்து, ஒரு கையால் நாடியைப் பிடிச்சபடி பாருங்க. புள்ளிகள் நாடித் துடிப்போட சேர்ந்து வேகமெடுக்கும். மூணாவது, பார்வையின் நட்டநடுவைக் கவனிங்க. அங்கே புள்ளி ஓடாது, ஏன்னா விழித்திரையின் மையக் குழியில் தந்துகியே இல்லை. காற்றில் இருக்கும் பிராணனுக்கு உங்க விழித்திரையின் ரத்தக்குழாய் வரைபடம் எப்படித் தெரியும்?

ஒரு விஷயம் சொல்லணும். சொந்த ரத்தத்தின் ஒவ்வொரு வெள்ளணுவும் ஓடுவதை ஒரு கருவியும் இல்லாம பார்க்கிறோம் என்பது சாதாரண ஆச்சரியமா? ஞானம் என்ற லேபிள் அதுக்குத் தேவையே இல்லை.

அப்போ தியானம் எங்கே இருக்கு?

இந்த நாலும் நடந்தாலும் நடக்காட்டியும் மரபுகள் கவலைப்படுவதில்லை. அவங்க கேள்வி வேற: இதெல்லாம் தெரியும்போது மனசு என்ன பண்ணுது?

சாதாரணமா மனசுக்கு ஒரு பிடி வேணும். மூச்சு, மந்திரம், விளக்குச் சுடர், எல்லாம் அந்தப் பிடிகள். வானம் பிடி கொடுக்காது. நூல் மிதந்தா மனசு அதைத் துரத்தும். புள்ளி ஓடினா "ஆஹா" என்று ஒட்டிக்கும். காக்கா பறந்தா கூடப் போகும். எதுவும் இல்லைன்னா நாளைக்கு மீட்டிங்கில் என்ன பேசணும்னு யோசிக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு முறையும் இந்தப் 'போய் ஒட்டிக்கிற' அசைவு பளிச்சென்று தெரிவதுதான் இந்தப் பயிற்சியோட பலன். பின்னணி காலியா இருப்பதால அசைவு சுலபமா மாட்டிக்குது.

மேகம்தான் இங்கே பழைய உவமை. மேகம் வரும், போகும், வானத்தில் கறை படியாது. எண்ணத்தையும் அப்படியே விடு என்பாங்க. மேகத்தைத் துரத்தி வானத்தைச் சுத்தம் பண்ற வேலை யாருக்கும் கிடையாது. எண்ணத்தை அடக்குகிற தியானம் பண்ணிப் பண்ணி களைச்சவங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனா இதில் ஒரு பள்ளம் உண்டு. வானத்தைப் பார்த்து மந்தமா, காலியா, அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருப்பது சுகமாத்தான் இருக்கும். திபெத்திய ஆசிரியர் மிபாம் (1846-1912) இந்த மந்தமான வெறுமையைத் தனியாப் பிரிச்சு எச்சரிச்சிருக்கார். எண்ணம் இல்லை என்பதாலேயே அது தெளிவு ஆகிடாது. எப்படி வேறுபடுத்துவது? பக்கத்து வீட்டு குக்கர் விசில் அடிச்சா, அந்த நொடியே சத்தம் தெளிவாக் கேட்டு, மனசு அதோட போகாம இருந்தா விழிப்பு. திடுக்கிட்டு "எங்கே இருந்தேன்?" என்று தோணினா தூக்கம். மேலே சொன்ன மூணாவது விஷயம், நிறம் வெளுக்கும் அந்த மூடுபனி, ஆளை இந்த மந்தத்துக்குள் தள்ளுவதில் கெட்டிக்காரன். சும்மா கண் சிமிட்டி, பார்வையைக் கொஞ்சம் நகர்த்தினாலே நீலம் திரும்ப வந்துடும்.

நம்ம ஊர் வானம் வேற

திபெத்திய முறையை அப்படியே இங்கே இறக்கினா ரெண்டு இடத்தில் இடிக்கும்.

முதலாவது நிறம். காற்று மூலக்கூறுகள் குறுகிய அலைநீளத்தை அதிகமாச் சிதறடிக்கும். கணக்கு நாலாம் மடியில் போகும், அதனால 450 நானோமீட்டர் நீலம் 650 நானோமீட்டர் சிவப்பை விட நாலு மடங்குக்கு மேல சிதறும். லாசா 3,650 மீட்டர் உயரத்தில், கடல்மட்டத்தில் இருப்பதில் மூணில் ரெண்டு பங்கு காற்றழுத்தத்தில் இருக்கு. தூசியும் ஈரமும் குறைவு. அதனால அங்கே ஆழமான கரு நீலம். சென்னையில் ஈரமும் தூசியும் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிச்சு வானத்தை வெளுப்பாக்கிடும், கண் கூசும். மழை பெய்ஞ்சு ஓய்ஞ்ச மறுநாள் காலை நமக்குக் கிடைக்கும் நல்ல வானம்.

இரண்டாவது சூரியன், இது விளையாட்டில்லை. லாசா சுமார் 29.6 டிகிரி வடக்கில் இருப்பதால அங்கே சூரியன் உச்சந்தலைக்கு நேரா என்றைக்கும் வராது. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ரெண்டு தடவை வரும், ஏப்ரலில் ஒரு தடவை, ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கத்துக்குள் ஒரு தடவை. நிழலில்லா நாள்னு சொல்றோமே, அதுதான். மொட்டை மாடியில் மல்லாந்து படுத்து மதியம் வானம் பார்ப்பது இங்கே நேரா சூரியனைப் பார்ப்பதில்தான் முடியும். விழித்திரையில் வலி உணரும் நரம்பு கிடையாது. கருகும்போது வலிக்காது, பிறகுதான் பார்வையின் நடுவில் கறை தெரியும். சூரியனையே உத்துப் பார்க்கச் சொல்லும் பயிற்சிகளையும் இதையும் தயவுசெய்து குழப்பிக்காதீங்க.

செய்து பார்க்க

காலையில்னா மேற்கு, சாயங்காலம்னா கிழக்கு. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். மல்லாந்து படுக்க வேண்டாம், உட்காருங்க. பார்வை நேர்க்கோட்டை விடக் கொஞ்சம் மேலே இருந்தா போதும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகரும் என்பதால மறைவில் இருப்பதா நினைச்ச சூரியன் அரைமணியில் வெளியே எட்டிப் பார்க்கலாம். அதனால எதிர்ப்பக்கம்தான் பத்திரம்.

கண்ணாடி போடுறவங்க போட்டுக்கலாம், கழட்டிக்கலாம், பெரிய வித்தியாசம் இல்லை. கண் சிமிட்டுவதை அடக்காதீங்க. இது திராடகம் கிடையாது, கண்ணீர் வர வேண்டியதில்லை. தாடை தளர்ந்திருக்கட்டும். மூச்சை விடும்போது பார்வையையும் சேர்த்து வெளியே விடுங்க, உள்ளே இழுக்கும்போது ஒண்ணும் செய்ய வேண்டாம். ஆரம்பத்தில் பத்து நிமிஷம் போதும். நடுவில் நூல், புள்ளி, மூடுபனி எது வந்தாலும் பெயர் தெரியும் இப்போ. பெயரைச் சொல்லிட்டு விட்டுடுங்க.

பரந்த வெளியைப் பார்த்தாலே தலை சுத்தும், படபடக்கும்னா முழு வானத்தில் ஆரம்பிக்காதீங்க. ஜன்னல் வழியா ஒரு சதுர வானம் போதும். புத்தகோசர் சொன்ன சாவித்துவாரம் இந்த மாதிரி ஆட்களுக்கும் உதவும்.

கடைசியா முக்கியமான ஒண்ணு. திடீரென்று கருப்புப் புள்ளிகள் மழை மாதிரி கொட்டினாலோ, ஓரத்தில் மின்னல் மாதிரி வெட்டினாலோ, ஒரு பக்கம் திரை இறங்கின மாதிரி மறைச்சாலோ, அது அனுபவமும் இல்லை, முன்னேற்றமும் இல்லை. விழித்திரை கிழியும் அல்லது பிரியும் அறிகுறியா இருக்கலாம். அன்னைக்கே கண் டாக்டரிடம் போகணும், நாளைக்குப் பார்க்கலாம்னு தள்ளக் கூடாது. "தியானத்தில் ஜோதி தெரியுது"ன்னு யாராவது வயசானவங்க வீட்டில் சொன்னா, கும்பிடுறதுக்கு முன்னாடி இந்த மூணையும் கேட்டுப் பாருங்க: திடீர்னு வந்துச்சா, ஒரு கண்ணில் மட்டுமா, கண்ணை மூடினாலும் வெட்டுதா? ஒண்ணுக்கு 'ஆமாம்' வந்தாலும் முதலில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. வானம் எங்கேயும் போயிடாது, வந்து பார்த்துக்கலாம்.